கஞ்சமலைக்கு போறீங்கன்னா ஒரு காந்தத்த பையில போட்டுக்கங்க

சேலத்துக்காரங்கள மலைன்னு கேட்டா உடனே ஏற்காடுன்னுதான் சொல்லுவாங்க, லீவு விட்டா போதும் மொத்த ஊரும் கொண்டை ஊசி வளைவுல வரிசை கட்டி நிக்கும். இந்தப் பக்கம் இளம்பிள்ளை ரோட்டுல கஞ்சமலை சும்மா நிக்குது, அமாவாசைக்கு சித்தர் கோயில் போறவங்க தவிர யாரும் திரும்பிக்கூட பாக்கறதில்ல. ஆனா சேலத்து கதைய ஒரே காலைல தெரிஞ்சுக்கணும்னா இதவிட நல்ல எடம் இல்லைங்க.

மொதல்ல கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு காந்தம் தேடுங்க. பழைய ஸ்பீக்கர் கழட்டினா உள்ள இருக்குமே, அது போதும். அதை மெல்லிசான பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டிக்கங்க, ஏன்னு அப்பறம் சொல்றேன். தண்ணி பாட்டில், தொப்பி, கால மூடுற செருப்பு. வெயில் ஏறறதுக்குள்ள போய் சேர்ந்துடணும், சித்தர் கோயிலுக்கு சேலத்துல இருந்தே பஸ் இருக்கு, பைக்ல போனா இன்னும் சௌகரியம்.

அடிவாரத்துல இறங்கினதும் மேல பாக்காதீங்க, கீழ பாருங்க. மழை பேஞ்சு ஓடுன ஓடைத் தடத்துல மண்ணு மேல கறுப்பா கோடு கோடா படிஞ்சிருக்கும், கவர் போட்ட காந்தத்த அதுமேல மெதுவா இழுத்துட்டு போங்க. கம்பளிப்பூச்சி முடி மாதிரி கறுப்பு தூள் சிலுத்துக்கிட்டு நிக்கும். இப்ப கவருக்குள்ள இருந்து காந்தத்த வெளிய எடுத்தீங்கன்னா தூள் பூரா தானா கொட்டிடும், கவர் இல்லாம வச்சீங்கன்னா வீட்டுக்கு போய் பல்துலக்குற பிரஷ்ல தேச்சாலும் போகாது. அந்த தூள்தான் மேக்னடைட், இரும்புத் தாது. போன்ல காம்பஸ் ஆப் இருந்தா பெரிய பாறை பக்கத்துல கொண்டுபோய் பாருங்க, வடக்கு எதுன்னு தெரியாம முள்ளு தடுமாறும், புள்ளைங்களுக்கு இது ஒண்ணே போதும்.

அப்பறம் கல்ல பாருங்க. உடைஞ்ச கல்லுல வெள்ளை கறுப்பு வெள்ளை கறுப்புன்னு பட்டை பட்டையா இருக்கும், வெள்ளை குவார்ட்ஸ்ங்கற படிகக் கல்லு, கறுப்பு இரும்புத் தாது. 250 கோடி வருசத்துக்கும் பழைய பாறைங்க இது. இந்த அடுக்கெல்லாம் பூமிக்கடியில அழுந்தி நடுவுல குழிஞ்சு ரெண்டு பக்கமும் மேல தூக்குன வாக்குல மடிஞ்சிருக்கு, அதனால இரும்புப் பட்டை மலையச் சுத்தி வருது, எந்தப் பக்கம் ஏறுனாலும் குறுக்க வந்து நிக்கும். சுத்தி இருந்த பாறை எல்லாம் தேஞ்சு போச்சு, இந்த கெட்டிப் பட்டை தேயல, அதான் சமவெளி நடுவுல இது மட்டும் 3,200 அடிக்கு மேல தனியா நிக்குது.

கொஞ்சம் ஏறி திரும்பி நின்னு சேலத்தப் பாருங்க. தூரத்துல சேர்வராயன் மலை, அதாவது நம்ம ஏற்காடு, அது மேல பாக்சைட், அதாவது அலுமினியத் தாது, அங்க இருந்துதான் மேட்டூர் அலுமினியம் கம்பெனிக்கு போச்சு. அதுக்கு கீழ செட்டிச்சாவடி பக்கம் வெள்ளை வெளேர்னு மேக்னசைட், மக்னீசியம் இருக்கற தாது, காந்தத்துல ஒட்டுன மேக்னடைட் வேற இது வேற. நீங்க நிக்கறது இரும்பு மேல. ஒரு ஊரச் சுத்தி இத்தனையும் கிடக்குதுங்க.

இந்த இரும்ப நம்மாளுங்க ரொம்ப காலமா உருக்கிட்டுதான் இருந்தாங்க. மலைய ஒடைக்கல, ஓடையில வந்த மணலயும் உதிர்ந்த கல்லயும் அள்ளி அலசி, சின்ன மண் உலையில மரக்கரியோட போட்டு ஆட்டுத்தோல் துருத்தியில ஊதி எடுத்தாங்க. அப்பறம் ஜோசையா மார்ஷல் ஹீத்னு ஒரு கிழக்கிந்திய கம்பெனி வெள்ளைக்காரர் அந்த வேலைய விட்டுட்டு 1830 வாக்குல பரங்கிப்பேட்டைல பெரிய உலை போட்டாரு, தாது சேலத்துல இருந்து போச்சு, காவிரி கொள்ளிடம் வழியா பரிசல்லயே கொண்டு போனாங்க. இரும்பு நல்ல இரும்புதான், ஆனா அத்தன கரிக்கு மரத்துக்கு எங்க போறது, கடைசில அவரு போட்ட இரும்பு கம்பெனி நிக்கல.

கீழ தெரியுற சேலம் உருக்காலை கதை இன்னும் வேடிக்கை. கஞ்சமலை தாதுவையும் நெய்வேலி நிலக்கரியையும் நம்பித்தான் மொதல்ல திட்டமே போட்டாங்க, 1981ல ஆலை ஓட ஆரம்பிச்சப்ப அது வேற எடத்துல இருந்து வர்ற தகட்ட உருட்டுற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலை. இந்தக் கல்லுல இரும்பு நூத்துக்கு 35 பங்கு கிட்டதான், கர்நாடகத்து பெல்லாரி பக்கம் 60க்கு மேல, பிரிச்செடுக்கற செலவு கட்டுபடி ஆகாது. என்னக் கேட்டா அது மலைக்கு நல்லதுதான். தோண்டியிருந்தா இன்னிக்கு ஏறிப் பாக்க என்ன இருந்திருக்கும்?

எறங்கி வந்ததும் சித்தர் கோயில். திருமூலர் சீடனோட இங்க வந்தப்ப, சோறு வடிக்கிற சீடன் கைக்குக் கிடைச்ச ஒரு செடிக் குச்சிய ஒடிச்சு கிண்டுனானாம், சோறு கறுப்பாயிடுச்சு, குரு திட்டுவாருன்னு பயந்து அவனே தின்னுட்டான், கிழவனா இருந்த சீடன் இளந்தாரியாயிட்டான்னு தல கதை. அந்த சீடரத்தான் காலாங்கி சித்தர்னு சொல்றாங்க. அமாவாசை அன்னிக்கு கூட்டம் தாங்காது, மலை பாக்க போறவங்க அந்த நாள விட்டுடுங்க.

உச்சி வரைக்கும் போகணும்னா வனத்துறை கிட்ட கேட்டுட்டு, வழி தெரிஞ்ச உள்ளூர் ஆள் ஒருத்தர கூட்டிக்கிட்டு போங்க, மழைக்காலத்துல கல்லு வழுக்கும், பாம்பும் உண்டு. கல்ல மூட்டை கட்டி எடுத்துட்டு வராதீங்க, காந்தத்துல ஒட்டுன தூளு ஒரு சிட்டிகை போதும். திரும்பறப்ப இளம்பிள்ளை வழியா வந்தா சேலைக் கடைங்க இருக்கு, தீபாவளி சமயம்னா வண்டி நிறுத்தவே எடம் இருக்காது, அதையும் கணக்குல வச்சுக்கங்க.