தேரிக்காட்டுக் காதல்: ஊர்சுற்றியும் மிஷன் அம்மாவும் குறும்படமாக

தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில் ஓர் ஊர்சுற்றிக்கும் மிஷனரியாக வந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் வரும் காதலைக் குறும்படமாக எடுக்க, முதலில் வருஷத்தைக் குறியுங்கள். 1850 என்று வைத்தால் கதை முளைக்காது. அன்று நெல்லைச் சீமையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்கள் பெரும்பாலும் மிஷனரிமாரின் மனைவிமார். கல்யாணமாகாத பெண்கள் தாங்களே மிஷனரியாக வருவது 1880க்குப் பிறகுதான் கூடியது. அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1896இல் இங்கே வந்தார், சேலைதான் கட்டினார். 1900ஐ ஒட்டி வைத்தால் கவுனா சேலையா என்பதே ஒரு காட்சி. ரயிலும் 1876இலேயே வந்தாயிற்று, நாயகன் டிக்கெட் இல்லாமல் வந்து இறங்கலாம்.

அவனைச் சும்மா திரியவிடாமல் பனையேறி ஆக்குங்கள். பதனீர் பங்குனி வாக்கில் தொடங்கி ஆடியோடு ஓயும். அப்புறம் அவனுக்கு இந்த ஊரில் வேலை இல்லை. வில்லனை வைத்தாலும் காதலுக்கு இப்படி ஒரு கெடு கிடைக்காது.

மோதலும் பனையில் கட்டும் மண்கலயத்துக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதனீர், தடவாவிட்டால் கள். குடி என்றாலே ஆகாத அவள் காலையில் கலயத்தை முகர்ந்து பார்க்கட்டும். என்றைக்குத் தடவினான், என்றைக்குத் தடவவில்லை என்பது தெரிந்தால் போதும். அவன் மனசை வசனத்தில் விளக்க வேண்டாம். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, ஆகவே படப்பிடிப்பில் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுங்கள். மரத்தில் ஏறுவது நிஜப் பனையேறியாக இருக்கட்டும், முதுகுப்பக்கமாக எடுங்கள். நடிகர் ஐந்தடிக்கு மேல் போகவேண்டாம். அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டும் கைப்பழக்கம் மட்டும் அவருக்கு வந்தாக வேண்டும், அதில்தான் பொய் தெரியும்.

அவள் தமிழ் படித்தது பைபிளில். 'நீர் எங்கே போகிறீர்?' என்றுதான் கேட்பாள். கொழகொழவென்று பேசவைத்தால் சிரிப்புப் படம் ஆகிவிடும். அவன் கடைசிவரை 'அம்மா' என்றே கூப்பிடட்டும். ஒரே ஒருதரம், 'நீரு சாப்ட்டீரா?' என்று அவள் வார்த்தையை நம்மூர் வாயில் திருப்பிக் கேட்டால் அதற்குமேல் காதல் வசனம் எதற்கு?

தேரியில் காப்புக்காடாக உள்ள இடத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும். காலை 6 முதல் 8 வரை மணல் நன்றாகச் சிவந்து தெரியும்; உச்சிவெயிலில் வெளிறிவிடும். ஒரு டேக் எடுத்ததும் காலடித்தடம் நிற்கும், அடுத்த டேக்குக்குப் பத்தடி தள்ளிப் போகவேண்டும். எனவே குழு முழுவதும் கேமராவுக்குப் பின்னாலேயே நிற்கட்டும். லென்ஸை வண்டிக்குள் வைத்து மாற்றுங்கள். பின்னணியில் உடைமரம் இருக்கலாம். சீமைக்கருவேலம் அன்று இப்படிப் பரவியிருக்கவில்லை, அதைச் சட்டகத்தில் விடாதீர்கள். மெஞ்ஞானபுரம் கிறிஸ்தவக் கோயிலின் கோபுரத்தைத் தூரக்காட்சியில் வைக்கலாம். உள்ளே எடுப்பதென்றால் அந்தக் கோயிலின் போதகரான சேகர குருவிடம் முன்கூட்டியே கேளுங்கள், ஞாயிறும், சபையார் கூடி விருந்துண்ணும் அசன நாளும் வேண்டாம்.

பிரிவுக் காட்சியை ஆடியிலேயே எடுக்க ஆசை வரும். ஆடிக்காற்று மணலை வாரி இறைக்கும், ஒலிப்பதிவும் தேறாது. சித்திரையிலேயே எடுத்துவிடுங்கள், கழுவிக் கவிழ்த்த கலயங்களை வரிசையாக வைத்தால் ஆடி வந்துவிடும்.