பேஸ்டைப் பிதுக்குவதற்கு முன்னால்: பழைய எஞ்சினில் ஆயில் ஒழுகினால் செய்யக் கூடாதவை

கானாடுகாத்தானில் எங்கள் ஐயா காலத்து அம்பாசிடர் மார்க் 2 இன்னும் ஓடுகிறது. வீடு கட்டி மிஞ்சிய ஆத்தங்குடிக் கல்லைத்தான் கார் ஷெட்டிலும் பதித்திருக்கிறார்கள். சிமெண்டுக் கல்லாயிற்றே, சொட்டுகிற எண்ணெயைக் குடித்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் கறை போகாது. அந்தக் கறை பொறுக்காமல் அவசரப்பட்டு நானே செய்த தவறுகள்தான் இதில் பாதி.

எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பில் சொட்டினால் சம்ப்தான் ஒழுகுகிறது என்று நினைப்பது முதல் தவறு. எண்ணெய் எங்கோ கிளம்பி எங்கோ வந்து சொட்டும். இந்த 1489 சிசி எஞ்சினில் காற்றும் புகையும் போகிற குழாய்த் தொகுப்பான மேனிஃபோல்டுக்குக் கீழே இரண்டு சைடு கவர்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றின் இடுக்கை அடைக்கிற கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கினால், எண்ணெய் பிளாக்கில் வழிந்து சம்ப் விளிம்புக்கு வந்துவிடும். சம்ப்பை இரண்டு தடவை கழற்றி மாட்டிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது. ஆறிய எஞ்சினை டீசலால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். நனைந்த இடங்களில் எது மேலே இருக்கிறதோ, அங்கேதான் கசிவு.

எண்ணெய்ப் பிசுக்கின் மேல் வெளியிலிருந்து, இடுக்கை அடைக்கிற சிலிகான் பேஸ்டை அப்புவது வீண் வேலை. மூன்றாம் நாள் தோலாக உரிந்து வரும். கழற்றி, பழைய பேக்கிங்கைச் சுரண்டி, பெட்ரோல் துணியால் துடைத்துத்தான் பூச வேண்டும்.

அதைவிட ஆபத்தானது தாராளம். வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ, உள்ளேயும் அவ்வளவு பிதுங்கும். சம்ப்பைத் திறந்தபோது ஆயில் பம்ப் வலையில் சிலிகான், வெந்த சேமியா மாதிரி சுருண்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வலை அடைத்தால் எண்ணெய் மேலே ஏறாது, பேரிங் போய்விடும். இரண்டு மில்லிமீட்டர் இழை போதும். சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது, அதனால் ஒரு நாள் விட்டுவிடுங்கள். கார்புரேட்டர் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், பெட்ரோல் பட்டால் ஊறி உப்பிவிடும்.

இனி ஸ்பேனர். ஒழுகினால் இன்னும் ஒரு சுற்று முறுக்குவது நம் ஆட்களின் கைப்பழக்கம். கார்க் பிதுங்கிக் கிழியும்; சம்ப்பின் தகடு போல்ட் ஓட்டையைச் சுற்றி மேல்நோக்கி வளைந்துவிடும். பிறகு எந்தப் பேஸ்டும் நிற்காது. கட்டையில் வைத்துத் தட்டி, விளிம்பைச் சமமாக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். மேலே இருக்கும் டேப்பெட் கவருக்கு இரண்டே நட்டுதான். அதன் பேக்கிங்கைக் கவர் பக்கம் மட்டும் ஒட்டி, ஹெட் பக்கம் உலர்வாக விட்டால், அடுத்த முறை கிழியாமல் வரும். நட்டுக்கு அடியில் உள்ள ரப்பர் புஷ் கல்லாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடுகிற ப்ரீதர் குழாயை யாரும் பார்ப்பதே இல்லை. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங்கையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். அதைக் கழற்றிக் கழுவப் பத்து நிமிடம், செலவு ஒன்றுமில்லை.

கடைசியாக, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் பின்முனை. இந்தப் பழைய எஞ்சின்களில் அங்கே ரப்பர் சீலே கிடையாது. சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளுகிற திருகு வரி மட்டும்தான். வண்டி நின்றால் ஓரிரு சொட்டு விழத்தான் செய்யும். அதற்காக கியர்பாக்ஸை இறக்காதீர்கள். நான் ஷெட்டில் ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளம் வைத்திருக்கிறேன்.