தபால் செஸ் ஆடுறவைக்கு

முதல்ல ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கோ. ஒரு பக்கம் நகர்த்தலும் திகதியும், மற்றப் பக்கம் அந்தக் காயை ஏன் நகர்த்தினீங்கள் எண்ட காரணமும். நல்லூர்க் கொடியேற்றத்தண்டு ரொறன்ரோவுக்கு நகர்த்தல் எழுதிப்போட்ட தபாலட்டைக்குத் தேர் முடிஞ்சும் பதில் வராது. காரணம் எழுதி வைக்காட்டில் உங்கட திட்டம் உங்களுக்கே விளங்காது.

நகர்த்தலை இலக்கத்தில எழுதுங்கோ. 1951இல் உருவான சர்வதேசத் தபால் செஸ் சம்மேளனத்தின்ர முறை இது. வெள்ளை ஆடுறவரின்ர இடக்கைக் கரை நிரல் (நெடுக்கு வரிசை) 1, வலக்கைக் கரை 8. நிரையையும் (குறுக்கு வரிசை) அவற்ற பக்கத்திலயிருந்துதான் எண்ணுறது, கறுப்பு ஆடினாலும் அப்படித்தான். முதல் நிரல், பிறகு நிரை. புறப்பட்ட கட்டம், சேர்ந்த கட்டம். ராசாவுக்கு முன்னால நிக்கிற வெள்ளைக் காலாள் ரெண்டு கட்டம் போனால் 5254. இலக்கத்துக்கு மொழி வேண்டாம், காலியில இருக்கிற சிங்களப் பெடியனோடையும் இப்படியே ஆடலாம்.

தொடக்கத்துக்கு, கறுப்பெண்டால், ரெண்டு குதிரைத் தடுப்பு ஆடுங்கோ: 5254 5755, 7163 2836, 6134 7866. வெள்ளை 6375 எண்டு குதிரையைப் பாய்ச்சினால் 4745. அவர் 5445 எண்டு வெட்டுவார். உடன 6645 எண்டு திருப்பி வெட்டினால் 7567 எண்டு குதிரையைப் பலி குடுத்து உங்கட ராசாவை வெளியில இழுப்பார். அதால 5445க்கு வழமையான பதில் 3615. துணிஞ்சவைக்கு 2725. 5ஆவது உலகத் தபால் செஸ் போட்டியில (1965–68) அமெரிக்கர் ஹான்ஸ் பேர்லினர், சோவியத் ஆட்டக்காரர் யாக்கோவ் எஸ்ட்ரினை இதை ஆடித்தான் வெண்டவர், பட்டமும் அவருக்கே. மேசையில மணிக்கூட்டோட ஆடேக்க இந்தச் சிக்கலுக்குள்ள போக நான் சொல்லமாட்டன். தபாலில புத்தகத்தை விரிச்சு வைச்சு ஆட விதி இடம் குடுக்குது, பிறகென்ன பயம்? பாதுகாப்பான தொடக்கம் எடுத்தால் மாதக்கணக்கா அலுப்புத்தான்.

ஒவ்வொரு அட்டையிலும் எதிராளியின்ர கடைசி நகர்த்தலைத் திருப்பி எழுதிப்போட்டு உங்கட பதிலை எழுதுங்கோ. முத்திரைக் காசு மிச்சம் பிடிக்க, "5445 எண்டால் 3615" எண்டு நிபந்தனையும் சேர்க்கலாம். அவர் அப்படியே ஆடினால் உங்கட பதில் செல்லும், பிறகு மாத்தேலாது. ஒரேயொரு பதில்தான் சரியெண்ட இடத்தில மட்டும் போடுங்கோ. என்ர மச்சான் நீளத்துக்கு எழுதிப்போட்டு ராணியைப் பறிகுடுத்தவர். இப்பவும் தபாற்காரரைத்தான் திட்டுறார்.

கொம்பியூட்டர் உதவியைச் சம்மேளனப் போட்டியளில அனுமதிக்கினம். அதாலதான் மேல்மட்டத்தில கனக்க ஆட்டம் சமநிலையில முடியுது. சொந்தக்காரருக்குள்ள ஆடேக்க, அது வேணுமோ வேண்டாமோ எண்டு முதல் அட்டையிலையே எழுதிக் கேளுங்கோ.