தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குப் பங்கில் ஒரு குழு: தொடங்குவதும் நடத்துவதும்

தன்பாலீர்ப்புள்ளவர்களுக்காகக் கத்தோலிக்கப் பங்கில் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் வழக்கமாக இளைஞர்களைத்தான் முதலில் அழைக்கப் பார்க்கிறார்கள். கூட்டம் போட்டால் யாரும் வரமாட்டார்கள். வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு நியாயமாகவே இருக்கிறது. பெற்றோரிடமிருந்து தொடங்குங்கள். பிள்ளை வாய்திறந்து சொன்ன நாளிலிருந்து தூக்கமில்லாமல் கிடப்பவர்கள் அவர்கள். அடுத்து வீட்டில் கல்யாணப் பேச்சா, மந்திரிப்பா, அமைதியா என்று முடிவெடுக்கப்போவதும் அவர்கள்தான்.

இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்க ஆயர்களின் திருமணம், குடும்பம் பற்றிய குழு 1997இல் 'என்றும் நம் பிள்ளைகள்' என்ற பொருளில் பெற்றோருக்கு ஒரு மடல் எழுதியது. பிள்ளையை ஒதுக்காதீர்கள், உங்களுக்கும் உதவி தேடிக்கொள்ளுங்கள் என்று அது பெற்றோரிடம் சொன்னது. பெற்றோருக்கான துணைக்குழுக்களைத் தொடங்க உதவுங்கள் என்று பங்குப் பணியாளர்களையும் கேட்டுக்கொண்டது. அந்த ஒரு வரி உங்கள் கையில் இருந்தால் பங்குத்தந்தையிடம் பாதி வேலை முடிந்தது.

பங்குத்தந்தையைப் பார்க்கப் போகும்போது

தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகவும் போகாதீர்கள். இருவர் போதும்: ஒரு தாயோ தகப்பனோ, கூடவே ஆற்றுப்படுத்தலில் (கவுன்சலிங்) பயிற்சி பெற்ற ஒரு அருட்சகோதரி அல்லது சமூகப் பணியாளர். திருப்பலி முடிந்த கையோடு பிடிக்காமல் முன்கூட்டியே நேரம் கேட்டுப் போங்கள். கையில் ஒரு பக்கத் தாள் மட்டும் இருக்கட்டும். அதில் இருக்க வேண்டியவை: மறைக்கல்வி நூலின் 2358ஆம் எண் (மரியாதை, பரிவு, கனிவோடு ஏற்க வேண்டும், நியாயமற்ற பாகுபாட்டின் சாயலே கூடாது), திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் எழுதிய 'அன்பின் மகிழ்ச்சி' மடலின் 250ஆம் எண், மேலே சொன்ன 1997 மடல். 2357ஐயும் 2359ஐயும் மறைத்துவிட்டு 2358ஐ மட்டும் காட்டாதீர்கள். அவருக்கு மூன்றும் தெரியும். தன்பாலினப் பாலுறவைத் திருச்சபை ஏற்கவில்லை, கற்புநெறிக்கு அழைக்கிறது என்பது அந்த எண்களில் இருக்கிறது. அந்தப் போதனையை விவாதிக்க இந்தக் குழு கூடவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதில் வழவழவென்று பேசினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1977இல் தன்பாலீர்ப்புள்ள கத்தோலிக்கருக்கான நியூ வேஸ் மினிஸ்ட்ரி என்ற பணி அமைப்பைத் தொடங்கிய சகோதரி ஜெனின் கிராமிக், அருட்தந்தை ராபர்ட் நூஜென்ட் இருவருக்கும் 1999இல் வத்திக்கான் இந்தப் பணியில் நிரந்தரத் தடை விதித்தது. போதனையைத் தெளிவாகச் சொல்லாமல் குழப்பம் உண்டாக்கினார்கள் என்பதே காட்டப்பட்ட காரணம். அதே சகோதரியை 2023 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் வரவேற்றுப் பேசினார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். தடை சரியா என்பது வேறு விஷயம். குழுவின் நோக்கத்தை ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு யாராவது மொட்டைக் கடுதாசி போட்டாலும் பங்குத்தந்தை அந்த வரியைக் காட்டிப் பேச முடியும்.

கேட்க வேண்டியவை மூன்று: மாதம் ஒருமுறை ஓர் அறை, அறிவிப்பில் இரண்டு வரி, ஏதாவது சிக்கல் வந்தால் அவரிடம் நேரடியாகப் பேசும் வழி. தனித் திருப்பலியோ ஆசீரோ முதல் சந்திப்பில் கேட்டால் மூன்றும் போய்விடும்.

அவர் முடியாது என்றால்? பக்திக்கும் அன்புப்பணிக்கும் ஒன்றுகூடும் உரிமை பொதுநிலையினருக்கு உண்டு என்று திருச்சபைச் சட்டம் 215 சொல்கிறது. வீட்டில் கூடலாம், பங்கின் பெயரை மட்டும் பயன்படுத்தக் கூடாது. அவர் சரி என்றாலும் 'கத்தோலிக்க' என்ற சொல்லைக் குழுவின் பெயரில் சேர்க்காதீர்கள். 300ஆம் சட்டப்படி அதற்கு உரிய திருச்சபை அதிகாரியின் இசைவு வேண்டும். 'குடும்ப உரையாடல்' மாதிரி சாதாரணப் பெயரே நல்லது. வெளியே பலகையில் எழுதினாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

நாள், இடம், அறிவிப்பு

செவ்வாய் அந்தோனியார் நவநாள், புதன் சகாய மாதா, சனி வேளாங்கண்ணி மாதா. தவக்காலத்து வெள்ளியில் சிலுவைப்பாதை. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் இளைஞர் கூட்டமும். வளாகத்தில் ஆள் நடமாட்டம் குறைந்திருப்பது திங்கள் மாலைதான். பல பங்குகளில் வியாழனும் பரவாயில்லை. அலுவலகத்தை ஒட்டிய அறை வேண்டாம். பள்ளிக் கட்டடத்து மாடியோ, கன்னியர் மடத்து வரவேற்பறையோ நல்லது. நகரத்தில் இருந்தால் பக்கத்துப் பங்கில் கூடுவது இன்னும் நல்லது. சொந்தப் பங்கில் கூடினால் படியேறும்போதே, "என்னக்கா, என்ன மீட்டிங்?" என்று யாராவது கேட்பார்கள்.

அறிவிப்பு இப்படி இருக்கட்டும்: "தங்கள் பிள்ளையோ உடன்பிறந்தவரோ தன்பாலீர்ப்புள்ளவர் என்று அறிந்த குடும்பத்தினருக்கு மாதம் ஒருமுறை ஓர் அமைதியான சந்திப்பு நடக்கிறது. விவரங்களுக்கு அருட்சகோதரியை அழைக்கவும்." சுற்றி வளைத்து 'சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள்' என்றெல்லாம் எழுதினால் வேறு பெற்றோர்கள் வந்து நிற்பார்கள். தொலைபேசி எண் பங்கு அலுவலகத்துடையதாக இருக்கக் கூடாது. அங்கே எடுப்பவர் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். தனி சிம் வாங்கி ஒருவரே பேசட்டும். முதல் அழைப்பில் பெயர் கேட்காதீர்கள்.

வாட்ஸ்அப் குழு வேண்டவே வேண்டாம். ஒருவர் எண் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மூத்த மகளோ மாமியாரோ போனை எடுத்துப் பார்த்தால் முடிந்தது. தகவல் அனுப்ப பிராட்காஸ்ட் பட்டியல் போதும். ஆனால் பெறுபவர் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். சேமிக்கும்போது 'டியூஷன் டீச்சர்' என்ற மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒன்றரை மணி நேரம்

ஆறு பேர் முதல் பத்துப் பேர் வரை. அதைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள், இல்லாவிட்டால் நன்றாகப் பேசத் தெரிந்த இருவர் மட்டுமே பேசுவார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், மேசை வேண்டாம். ஐந்து நிமிடம் செபம், ஐந்து நிமிடம் விதிகள், ஐம்பது நிமிடம் ஒவ்வொருவராகப் பேசுவது, இருபது நிமிடம் ஏதாவது ஒரு பொருளைப் பற்றிய தகவல், கடைசிப் பத்து நிமிடம் தேநீர். தேநீரை விட்டுவிடாதீர்கள். முழு நேரமும் வாய் திறக்காத தகப்பன்மார் அங்கேதான் பேசுவார்கள். முதலில் வருபவர்கள் அம்மாக்கள். அப்பாக்கள் மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் வருவார்கள்.

விதிகள் ஒவ்வொரு முறையும் சத்தமாக வாசிக்கப்பட வேண்டும். பிள்ளையின் பெயரைச் சொல்லக் கூடாது, 'என் பிள்ளை' போதும். வருகைப் பதிவேடும் புகைப்படமும் கிடையாது. பங்குப் பேரவை அறிக்கை கேட்டால் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் ஆலோசனை சொல்லக் கூடாது.

இவற்றில் எது உடைகிறது என்று கேட்டால், பெரும்பாலும் மன்றாட்டில்தான். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை. அன்பியக் (தெருவாரியான செபக்குழு) கூட்டத்தில் ஒருவர் உருக்கமாக, "நம்ம தெரு அந்த அக்கா மகனுக்காக, அவன் மனம் மாறணும்னு மன்றாடுவோம்" என்பார். மறுநாள் காலை தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். ஆகவே, குழுவில் கேட்டதை வைத்து வெளியே செபக் கருத்தும் சொல்லக் கூடாது என்பதைத் தனி விதியாகவே எழுதிவையுங்கள். பிறர் நற்பெயரைக் கெடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று திருச்சபைச் சட்டம் 220 சொல்கிறது. புறணியைப் பாவம் என்று ஏற்காதவர்கள்கூடச் சட்ட எண்ணைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குழுவில் சேர்க்காதீர்கள். அவர்களின் பெற்றோர் வரலாம். சிறார் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி புகார் கொடுக்க வேண்டிய கடமை உண்டு. எனவே, 'எதையும் வெளியே சொல்லமாட்டோம்' என்று வாக்குக் கொடுத்தால் பிறகு அதை மீற நேரும். விதிகளை வாசிக்கும்போதே இந்த விலக்கையும் சொல்லிவிடுங்கள். பாவசங்கீர்த்தன இரகசியம் குருவுக்கு மட்டும் உரியது, குழுவுக்கு இல்லை.

'ஒரு கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்'

எந்தக் குழுவானாலும் இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் இந்தப் பேச்சு வந்தே தீரும். அதற்குத் தயாராக இருங்கள். இங்கே கைகொடுப்பது திருச்சபைச் சட்டம்தான், உபதேசம் இல்லை. திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சம்மதம், அதை வேறு எந்த மனிதச் சக்தியாலும் ஈடுசெய்ய முடியாது என்கிறது 1057. வற்புறுத்தலாலோ, வெளியிலிருந்து வரும் கடும் அச்சத்தாலோ, அதிலிருந்து தப்பத் திருமணம் ஒன்றே வழி என்று ஒப்புக்கொண்டால் அந்தத் திருமணம் செல்லாது என்கிறது 1103. வேண்டுமென்றே பயமுறுத்தாவிட்டாலும் இது பொருந்தும். "நீ சம்மதிக்கலைன்னா அம்மா மருந்தைக் குடிச்சிடுவேன்" என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று பெற்றோருக்குப் புரிய வையுங்கள். மறைத்து ஏமாற்றிக் கட்டி வைத்தால் 1098, திருமணத்தின் அடிப்படைக் கடமைகளை ஏற்க உளவியல் காரணங்களால் இயலாதவருக்கு 1095 என்று வேறு சட்டங்களும் உண்டு. எந்த வழக்கில் எது பொருந்தும் என்பதை மறைமாவட்டத் தீர்ப்பாயம்தான் சொல்ல வேண்டும், குழு தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பெற்றோர் அடிக்கடி மறப்பது அந்தப் பெண்ணை. மகனுக்குக் கட்டி வைக்கும் பெண்ணும் இன்னொரு வீட்டுப் பிள்ளை. வருடக்கணக்கில் தீர்ப்பாயத்துக்கு நடக்கப்போகிறவள் அவள்தான். இதைச் சொல்லும்போது அறையில் பேச்சு அடங்கிவிடும். அவசரப்பட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள்.

மகனோ மகளோ ஏற்கெனவே நிச்சயத்தில் மாட்டியிருந்தால் ஒரு கதவு இருக்கிறது. ஓலை (கோயிலில் திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன் பங்குத்தந்தை மணமக்களை விசாரிக்கிறார். அப்போது தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, "எனக்கு விருப்பமில்லை, வற்புறுத்துகிறார்கள்" என்று சொன்னால் போதும். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. சுதந்திரமான சம்மதம் இல்லை என்று தெரிந்தால் அவர் திருமணத்தை நடத்தக் கூடாது. பங்குத்தந்தையிடம் முன்பே பேசி, இப்படி யாராவது வந்தால் பெற்றோரிடம் காரணம் சொல்லாமல் தள்ளிப்போடும்படி கேட்டு வையுங்கள்.

மருத்துவர், தியான மையம், காவல் நிலையம்

இதைக் குணப்படுத்த முடியுமா என்பது அடுத்த கேள்வி. நோயே இல்லை என்பதால் குணப்படுத்த ஒன்றுமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1990இல் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் பாலீர்ப்பை மாற்றும் 'சிகிச்சை'க்குத் தடை சொன்னார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவரின் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஒரு மருத்துவர் மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்டால் அவர்மேல் மாநில மருத்துவக் கழகத்தில் புகார் கொடுக்கலாம். தியான மையத்தில் பேயோட்ட அழைத்துப் போவோம் என்று சொல்லும் பெற்றோரிடம் சண்டை போடாதீர்கள். பிள்ளை சம்மதித்ததா என்று மட்டும் கேளுங்கள்.

வயது வந்த பிள்ளை வீட்டை விட்டுப் போய், பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தால், அவர்கள் விரும்பிப் போன வயது வந்தவர்கள் என்று தெரிந்ததும் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொல்லை தராமல் புகாரை முடிக்க வேண்டும் என்பதும் அதே 2021 உத்தரவு. தற்கொலைப் பேச்சு வந்தால் கூட்டத்தை அங்கேயே நிறுத்தி, ஒருவர் கூடவே இருந்து டெலி-மனஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416 அல்லது தமிழ்நாட்டு மருத்துவ உதவி எண் 104க்கு அழைக்க வேண்டும். பெற்றோரிடமிருந்தும் அந்தப் பேச்சு வரும் என்பதை மறக்க வேண்டாம். சட்ட உதவிக்கோ, பிள்ளை தன்னைப் போன்றவர்களைச் சந்திக்கவோ சென்னையில் ஓரினம் போன்ற அமைப்புகள் உண்டு. அவற்றின் எண்ணைப் பெற்றோரிடம் கொடுத்தால் பிள்ளையிடம் போய்ச் சேரும்.

அருள்சாதனங்கள் பற்றிக் கேட்டால்

தன்பாலின இணையர் வளர்க்கும் குழந்தைக்குத் திருமுழுக்கு உண்டா? கத்தோலிக்க நெறியில் வளர்க்கப்படும் என்ற நியாயமான நம்பிக்கை இருக்க வேண்டும் என்பதே 868ஆம் சட்டத்தின் நிபந்தனை. 2023 அக்டோபர் 31 தேதியிட்ட வத்திக்கான் பதிலும் இதையே சொல்கிறது. இணையருக்கு ஆசீர்? 2023 டிசம்பர் 18இல் வந்த வத்திக்கான் அறிக்கை அனுமதித்தது தன்னியல்பான, சடங்கில்லாத ஆசீரை மட்டும். பத்துப் பதினைந்து விநாடி என்று மறுமாதம் விளக்கமே கொடுத்தார்கள். திருமணத்துக்கே உரிய உடை, செய்கை, சொல் எதுவும் கூடாது, பதிவுத் திருமணத்தோடு சேர்த்தும் நடத்தக் கூடாது. குருவைக் கேட்பதற்கு முன் உங்கள் ஆயரின் நிலைப்பாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையேல் நல்ல குருவைச் சங்கடத்தில் மாட்டிவிடுவீர்கள்.

ஆயருக்குக் கடிதம்

குழு ஒரு வருடமாவது ஓடிய பிறகு எழுதுங்கள். தேவைகளை மேய்ப்பர்களிடம் தெரிவிக்க 212ஆம் சட்டம் உரிமை தருகிறது. ஒரு பக்கம், ஒரே கோரிக்கை. 'திருச்சபை எங்களை ஏற்க வேண்டும்' என்பதற்கு ஆயர் என்ன பதில் எழுத முடியும்? 'மறைமாவட்டப் பள்ளிகளின் ஆலோசகர்களுக்கு இது பற்றி ஒரு நாள் பயிற்சி வேண்டும்' என்றால் ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். திருமணத் தயாரிப்பு வகுப்பில் வற்புறுத்தல் பற்றி அரை மணி நேரம் கேட்பது இன்னொரு நல்ல கோரிக்கை. கையொப்பம் போட விரும்பாதவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மூன்று பேர் பெயர் போதும்.

மாற்றல் காலம் வந்தால், பெரும்பாலும் மே, ஜூனில், குழுக்கள் செத்துப்போகின்றன. ஆதரவளித்த பங்குத்தந்தை போய்விடுவார், வந்தவருக்கு எதுவும் தெரியாது, வேறு யாரோ முந்திக்கொண்டு காதில் போட்டிருப்பார்கள். அதனால் போகிறவரிடமே கேட்டு, குழுவின் நோக்கமும் விதிகளும் உள்ள அந்தத் தாளைப் பொறுப்பு ஒப்படைக்கும் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். புதியவர் வந்த முதல் இரண்டு வாரத்துக்குள் அதே இருவர் நேரம் கேட்டுப் போங்கள். அதுவரை அந்த மாதக் கூட்டத்தை மடத்திலோ வீட்டிலோ வைத்துக்கொள்ளலாம், நிறுத்த வேண்டியதில்லை.