புதுக் கயிறு வழுக்கும்

வாடைக்காற்று தொடங்கினால் பாம்பனில் வள்ளங்களை வடகரையிலிருந்து தென்கரைக்குக் கொண்டுவந்துவிடுவோம். ஒரு கார்த்திகை மாத ராத்திரி, தண்ணீரில் ஊன்றியிருந்த கம்பில் என் ஃபைபர் வள்ளத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்பா காலத்து முடிச்சுதான்: கம்பில் இரண்டு சுற்று, இரண்டாவது சுற்றுக்கடியில் நுனியைச் செருகி ஒரு இழுப்பு. விடிந்து பார்த்தால் கம்பு நிற்கிறது, வள்ளத்தைக் காணோம். குருசடைத் தீவுப் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், உரசிக்கொண்டு கிடந்தது. அடியில் ஃபைபர் உரிந்து ஒரு வாரத் தொழில் போச்சு.

அப்பா கட்டியது தேங்காய் நார்க் கயிறு. அதன் சொரசொரப்பே பிடித்துக்கொள்ளும். நான் கட்டியது புது பிளாஸ்டிக் கயிறு. வள்ளம் ஆட ஆட நழுவிவிட்டது. அந்த முடிச்சை இப்போது அரைமணி நேர வேலைக்குத்தான் போடுகிறேன்.

அக்கா மகனுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இறுகாத கண்ணி. கப்பலில் வேலை பார்ப்பவர்கள் போலைன் என்பார்கள். நுனியைக் கம்பைச் சுற்றி உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். வள்ளத்துக்குப் போகும் நீளக் கயிற்றில் சின்ன வளையம் ஒன்று. அதில் நுனிப்பக்கத்துக் கயிறு மேலே கிடக்க வேண்டும். நுனியை வளையத்துக்குள் அடியிலிருந்து மேலே எடுத்து, நீளக் கயிற்றின் பின்னால் சுற்றி, வந்த வழியே இறக்குங்கள். தண்ணீர் தொட்டு இறுக்குங்கள். வால் ஒரு சாண் மிஞ்சட்டும். மருமகன் முதல் நாள் வளையத்தைப் புரட்டிப் போட்டான்; முடிச்சு கையோடு வந்துவிட்டது.

இதில் ஒரு சங்கடம்: கயிறு விண்ணென்று இழுபட்டு நிற்கும்போது அவிழ்க்க முடியாது. அவசரமாக விட வேண்டிய இடத்தில் கம்பில் இரண்டு முழுச் சுற்று, பிறகு நீளக் கயிற்றின்மேல் இரண்டு அரைமுடிச்சு. நுனியை நீளக் கயிற்றைச் சுற்றி, அந்தச் சுற்றுக்கடியிலேயே செருகி இழுத்தால் ஒரு அரைமுடிச்சு. பாரத்தைச் சுற்றுகள் தாங்கும், நிதானமாகத் தளர்த்தலாம்.

நங்கூரத்துக்கு வேறு. வளையத்தில் இரண்டு தடவை நுழைத்து, முதல் அரைமுடிச்சை அந்த இரண்டு சுற்றுக்கும் அடியில் கோத்து இறுக்கி, வெளியே நீளக் கயிற்றில் இன்னொன்று. வாலை வலை நூலால் கட்டிவிடுங்கள். கயிறு நைலானாக இருக்கட்டும். அது அமிழும், அலைக்கு நீண்டும் கொடுக்கும். மிதக்கிற பிளாஸ்டிக் கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

வெயிலில் வெளுத்துத் தூள் உதிர்கிற கயிறா? எந்த முடிச்சு போட்டாலும் வீண். எங்கள் வீட்டில் அது ஆடு கட்டப் போய்விடும்.