டபுள்ஸில் தூரம் போக செகண்ட் ஹேண்ட் பைக்: எப்படிப் பார்த்து வாங்குவது?

திருச்சியிலிருந்து கொல்லிமலைக்கு நானும் மனைவியும் பைக்கில் கிளம்பினோம். மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். பத்துப் பன்னிரண்டு தாண்டியதும் மனைவி தோளைத் தட்டி, "ஏங்க, பின்னாடி வண்டி ஆடுதுங்க" என்றார். தனியாக இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து நான் வாங்கிய பழைய வண்டி அது. அப்போது ஒரு குறையும் தெரியவில்லை. திரும்பி இறங்கி நாமக்கல்லில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். பின் சக்கரத்தைப் பிடித்து இடவலமாக ஆட்டியவர், "ஸ்விங் ஆர்ம் புஷ் போயிருச்சு அண்ணே" என்றார். பின் சக்கரத்தைத் தாங்கும் கைதான் ஸ்விங் ஆர்ம். அது வண்டியின் சட்டமான சேசிஸோடு சேரும் இடத்தில் இருக்கும் சின்ன உருளைதான் புஷ்.

அதை விற்றுவிட்டு அடுத்த வண்டியைத் தேடியபோது கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த வண்டி

பின் சீட் அகலமாக, மேடு இல்லாமல் இருக்க வேண்டும். பிடித்துக்கொள்ள கெட்டியான கைப்பிடி வேண்டும். டியூப்லெஸ் டயர் வேண்டும். ஸ்போக் சக்கரமும் டியூபும் உள்ள வண்டி நாற்கரச் சாலையில் பஞ்சரானால் சக்கரத்தையே கழற்ற வேண்டியிருக்கும். இரண்டு பேரும் மூட்டையுமாக இருக்கும்போது அந்தப் பாடு வேண்டாம். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கட்டாயம். அதற்குப் பிந்தைய வண்டியாகவே தேடுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது.

நான் எடுத்தது ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350. 2020 நவம்பரில் வந்த மாடல். சீட் உயரம் 765 மில்லிமீட்டர்தான். பின்னால் ஆள் இருக்கும்போது சிக்னலில் இரண்டு காலையும் முழுதாக ஊன்ற முடிவது பெரிய நிம்மதி. எடை 191 கிலோ, தள்ளி நிறுத்தக் கொஞ்சம் சிரமம். வேகமாகப் போகிறவர்கள் டோமினார் 400 பார்க்கலாம்.

2. போவதற்கு முன்

"நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் இன்ஜின்மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். காலை நேரத்துக் குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும்.

3. நிறுத்தி வைத்துப் பார்ப்பது

இங்கேதான் நான் கோட்டை விட்டேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் டயரை ஒரு கையால் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். இன்னொரு கையின் கட்டைவிரலை ஸ்விங் ஆர்ம் சேசிஸோடு சேரும் இடுக்கில் வையுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங். விரலுக்கடியில் 'டக் டக்' என்று ஒரு சின்ன அசைவு தெரிந்தால் புஷ். தனியாக ஓட்டும்போது இது தெரியாமல் போகலாம். பின்னால் உட்காருபவரின் எடை பெரும்பாலும் பின் சக்கரத்தின் மேல்தான் விழும். அப்போதுதான் அங்கே இருக்கும் தளர்ச்சி வெளியே வரும்.

அடுத்து கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங். ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லி, முன் சக்கரம் தரையைவிட்டு எழும்பியதும் ஹேண்டிலை விரல் நுனியால் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் மாற்ற வேண்டும்.

செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து பின்னோக்கி இழுங்கள். பல் பாதிக்குமேல் தெரிந்தால் செயினையும் ஸ்ப்ராக்கெட்டுகளையும் செட்டாக மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஐந்து வருடம் தாண்டிய டயரில் நான் டபுள்ஸ் போக மாட்டேன், பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் சரி.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரைவிட பின் ஃபுட்ரெஸ்ட் ரப்பரை நம்பலாம். அது வழவழவென்று தேய்ந்திருந்தால் வண்டி நிறைய டபுள்ஸ் சுமந்திருக்கிறது.

4. பின்னால் உட்காரப்போகிறவரோடு ஓட்டுங்கள்

அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். விற்பவர் தயங்கினால் ஆர்சி புக்கையும் உங்கள் பைக் சாவியையும் பரஸ்பரம் மாற்றி வைத்துக்கொள்ளலாம். வேகத்தடையில் பின் ஷாக் அடியில் போய் இடிக்கிறதா பாருங்கள். 60-ல் போய் பிரேக் போட்டுப் பாருங்கள். இறங்கியதும் அவரிடம் முழங்கால், இடுப்பு, பாதத்தில் அதிர்வு பற்றிக் கேளுங்கள். அவருக்கு ஒத்து வராத வண்டியை நான் வாங்கவே மாட்டேன்.

5. காகிதங்கள்

பரிவாஹன் என்ற அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ், சலான், கடன் பாக்கி மூன்றையும் பாருங்கள். கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), ஆர்சியிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், புடவையில் ஒருபக்கமாக உட்காரும் அம்மாவை ஏற்றிப்போவது பற்றிக் கேட்டிருந்தார். முதலில் எழுதும்போது இது எனக்குத் தோன்றவில்லை. பழைய வண்டிகளில் பை மாட்டும் கம்பிக்காக இடப்பக்கத்து சாரி கார்டை (புடவை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் தடுப்பு) கழற்றியிருப்பார்கள். அதைக் கேட்டு வாங்கி, மாட்டிய பிறகே அம்மாவை ஏற்றுங்கள். தூரப் பயணத்துக்கு மட்டும் சுடிதார் போட்டு இருபக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லிப் பாருங்கள். என் மாமியார் இரண்டாவது பயணத்திலேயே பழகிவிட்டார்.