பேஸ் கிட்டாரை மாற்றியமைக்கும்போது மரத்தின் மேல் பழி போடாதீர்கள்

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் தன் பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சத்தம் மூடிப்போன மாதிரி இருக்கு. பாடி பாஸ்வுட் மரமாம். ஆல்டர் பாடி வாங்கி மாத்திடலாமா?" என்றார். ஆம்பில் இணைத்துக் கேட்டேன். போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோலத்தான் இருந்தது. கம்பிகள் புதியவை, பிக்கப்பும் (கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) நல்ல பிக்கப். மூடியைக் கழற்றி வால்யூம் கன்ட்ரோலைப் புரட்டினேன். அதன் முதுகில் '25கே' என்று அச்சடித்திருந்தது. அந்தக் கிட்டாரில் முன்பு ஒரு ஆக்டிவ் பிரீஆம்ப் (பேட்டரியில் ஓடும் சிறு பெருக்கி) இருந்திருக்கிறது. அது கெட்டதும் யாரோ அதை மட்டும் பிடுங்கிவிட்டு, அதோடு வந்த கன்ட்ரோல்களில் பேட்டரி தேவைப்படாத சாதாரண பாசிவ் பிக்கப்பை இணைத்துவிட்டார்கள். 25 கிலோ ஓம் சுமையைத் தலையில் ஏற்றினால் பாசிவ் பிக்கப்பின் மேல்ஸ்தாயி எல்லாம் ஆம்புக்குப் போகும் முன்பே வடிந்துவிடும். 250 கிலோ ஓம் கன்ட்ரோல் இரண்டு போட்டோம். ஒரு செட் கம்பி விலைகூட ஆகவில்லை. சத்தம் திறந்துகொண்டது. பாஸ்வுட் பாடி அப்படியே இருக்கிறது.

பேஸை மாற்றியமைக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான்: தேடலை மரத்திலிருந்து தொடங்குவது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீணையின் மரமும் பேஸின் மரமும்

வீணைக்குப் பலா, நாகஸ்வரத்துக்கு ஆச்சா என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வீணையில் அது முழு உண்மை. அதன் குடம் அதிர்ந்துதான் காற்றை அசைக்கிறது. நம் காதுக்கு வருவது மரத்தின் குரல். எலக்ட்ரிக் பேஸில் கதை வேறு. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்பு ஒயரை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியதுதான் பிக்கப். மேலே இரும்புக் கம்பி அசையும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. மரம் எவ்வளவு இனிமையாக அதிர்ந்தாலும் அது இரும்பு இல்லை, பிக்கப்புக்கு நேரடியாகத் தெரியாது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆம்பில் இணைக்காமல் ஒரு கம்பியை மீட்டுங்கள். பிறகு ஹெட்ஸ்டாக்கை, அதாவது டியூனிங் சாவிகள் இருக்கும் தலைப்பகுதியை, மர அலமாரிக் கதவில் அழுத்திக்கொண்டு அதே கம்பியை மீட்டுங்கள். அலமாரியே பாடும், அறை நிறையும். இப்போது ஆம்பில் இணைத்து, ஆம்பின் சத்தத்தை மட்டும் கவனித்து அதையே செய்யுங்கள். அந்தப் பெருக்கம் அங்கே வராது. அதற்குப் பதில் சில ஸ்வரங்கள் முன்னைவிடச் சீக்கிரம் அடங்குவதையோ, நீள்வதையோ கேட்கலாம்.

மரத்தின் வேலை அந்த இடத்தில்தான் இருக்கிறது. கம்பியின் இரண்டு முனைகளையும் மரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடி அசைந்தால் கம்பியின் சக்தி அதில் கசியும். எந்தச் சுருதியில் அசைகிறதோ அந்தச் சுருதியில் கசியும். அதனால் மரத்தின் பங்கு பூஜ்யம் என்று அடித்துச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கனமான பாடியில் திருகிய பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பகுதி) பக்கம் அசைவு மிகக் குறைவு. ஒல்லியாக நீண்டு நிற்கும் நெக் பக்கம்தான் நன்றாக அசைகிறது. பாடி எந்த மரம் என்று கேட்பவர்கள் நெக்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இதிலிருந்து இன்னொரு தவறும் புரியும். கடையில் ஆம்ப் இல்லாமல் மீட்டிப் பார்த்து, "இது சத்தமாக அதிர்கிறது, நல்ல மரம்" என்று முடிவு செய்யாதீர்கள். காற்றில் அதிகம் கேட்கிறது என்றால் கம்பியிலிருந்து அவ்வளவு சக்தி வெளியே போகிறது என்றும் பொருள்.

பாடியில் மரமே இல்லாத பேஸ்களும் நன்றாகவே பாடியிருக்கின்றன. 1969இல் ஆம்பெக் நிறுவனத்துக்காக டான் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்த பேஸின் பாடி கண்ணாடிபோன்ற அக்ரிலிக். நெட் ஸ்டைன்பெர்கரின் தலையில்லாத பேஸ் கார்பன் இழையால் ஆனது, 1980களின் மேடைகளில் எங்கும் தெரிந்தது.

பெயரைக் கேட்டு மரம் வாங்குவது

ஆல்டர் என்றால் சமநிலை, ஆஷ் என்றால் பளிச், மஹோகனி என்றால் கதகதப்பு என்று ஒரு வாய்ப்பாடு எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஆனால் ஆஷ் என்ற ஒரே பெயருக்குள்ளேயே இலேசான சதுப்புநில ஆஷும் இருக்கிறது, தோளை அறுக்கும் கனமான ஆஷும் இருக்கிறது. போதாததற்கு, பெரும்பாலான பாடிகள் இரண்டு மூன்று பலகைகளை ஒட்டிச் செய்தவை.

ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை ஆஷில் செய்தார். 1950களின் நடுவில் பெருமளவு ஆல்டருக்கு மாறினார். ஆல்டர் கிடைப்பது எளிது. ஆஷின் ஆழமான ரேகைகளை அடைத்துப் பூசும் வேலையும் அதில் இல்லை. தொழிற்சாலைக் கணக்கு அது. 2020இல் ஃபெண்டர் நிறுவனம் பெரும்பாலான மாடல்களில் ஆஷைக் கைவிடுவதாக அறிவித்ததற்கும் காரணம், மரங்களை அழிக்கும் ஒரு வண்டும் வெள்ளமும்தான்.

'ஆஷ் சத்தம்' என்று பலர் மனதில் வைத்திருப்பது ஃபெண்டரின் 'ஜாஸ் பேஸ்' மாடலின் 1970கள் சத்தத்தை. அந்தக் காலத்தில் ஆஷ் பாடி அதிகம் வந்தது உண்மை. ஆனால் அதே காலத்தில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை சுமார் 1 செ.மீ. பிரிட்ஜை நோக்கி நகர்த்தியும் இருந்தார்கள். பிரிட்ஜை நெருங்க நெருங்க அடிஸ்வரம் மெலியும், மேல் ஒலிகள் கூர்மையாகும். 34 அங்குலக் கம்பியில் 1 செ.மீ. சிறியதாகத் தெரியலாம், காதுக்கு அது சிறியதில்லை. இதைக் கவனிக்காமல் 1960கள் அளவில் பிக்கப் குழி வெட்டிய ஆஷ் பாடியை வாங்கிவிட்டு, எதிர்பார்த்த சத்தம் வரவில்லையே என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள்.

மரத்தில் நிஜமாகவே பார்க்க வேண்டியது எடை. பேஸ்கள் பொதுவாக 3.5 முதல் 4.5 கிலோ வரை இருக்கும். மூன்று மணி நேரக் கச்சேரியில் அந்த ஒரு கிலோ வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். ரொம்ப இலேசான பாடி போட்டால் நெக் கீழே சாயும், இடது கை அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க நேரும். அந்தக் கை களைத்தால் வாசிப்பே மாறிவிடும்.

செத்த ஸ்வரம்

ஃபெண்டர் பாணி பேஸ் வைத்திருப்பவர்கள் ஜி கம்பியில் 5, 6, 7ஆம் ஃப்ரெட்டுகளை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) ஒவ்வொன்றாக மீட்டி நீளவிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒன்று மற்றவற்றைவிடச் சீக்கிரம் அணையும். அந்தச் சுருதியில் நெக் தானும் அசைந்து கம்பியின் சக்தியைக் குடித்துவிடுகிறது. இதற்காகப் பாடியை மாற்றுவதும், பிக்கப்பை மாற்றுவதும், கனமான பிரிட்ஜ் போடுவதும் வீண்செலவு.

ஒரு சிறிய கிளாம்ப் எடுத்து, துணி சுற்றி, ஹெட்ஸ்டாக்கில் இறுக்கிப் பாருங்கள். அணைந்த ஸ்வரம் உயிர்பெறும், அல்லது அந்தக் குறை பக்கத்து ஃப்ரெட்டுக்கு நகரும். ஹெட்ஸ்டாக்கின் எடை மாறியதால் நெக் அசையும் சுருதி மாறிவிட்டது. டியூனிங் சாவிகளை மாற்றும்போதும் இதே நடக்கும். நெக் சாய்வதைச் சரிசெய்ய இலேசான சாவி போட்டபின், செத்த ஸ்வரம் வேறு இடத்துக்குப் போயிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் தங்கிவிட்டால் அதிர்ஷ்டம்.

பாடியை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

நெக் பொருந்தும் பள்ளத்தின் அகலத்தை அளக்காமல் வாங்காதீர்கள். ஃபெண்டர் அளவு இரண்டரை அங்குலம், மற்ற தயாரிப்புகளில் ஓரிரு மி.மீ. வேறுபடும். பழைய திருகுத் துளைகள் புதிய பாடியோடு ஒத்துவராவிட்டால் கடினமான மரக்குச்சியை ஒட்டி அடைத்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிட வேண்டும். பள்ளத்துக்குள் பெயின்ட் திரண்டிருந்தால் சுரண்டி எடுங்கள். பிரிட்ஜைத் திருகும் முன் இரண்டு ஓரக் கம்பிகளின் இடத்திலும் நூல் கட்டி, ஃபிங்கர்போர்டின் (நெக்கில் விரல் அழுத்தும் பலகை) இரு விளிம்பிலும் சம இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். திருகில் கொஞ்சம் மெழுகோ சோப்போ தடவினால் மரம் பிளக்கும் வாய்ப்பு குறையும்.

சத்தம் பிறக்கும் இடங்களில் நடக்கும் தவறுகள்

முதலில் கம்பி. டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷன் பேஸில் தடித்த ஃப்ளாட்வூண்ட் கம்பி (மேலே தட்டையான இழை சுற்றியது, வழவழப்பானது) போட்டிருந்தார். அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச், மீட்டுவது ஒற்றை ஆட்காட்டி விரல். அந்தச் சத்தம் வேண்டி ஆல்டர் பாடியைத் தேடி அலையும் முன், ஃப்ளாட்வூண்ட் செட் ஒன்றும் உள்ளங்கை அளவு ஸ்பாஞ்சும் வாங்கிப் பாருங்கள். தடிமனை அதிகம் கூட்டினால் நட்டின் (ஹெட்ஸ்டாக் பக்கம் கம்பிகள் அமரும் சிறு பட்டை) பள்ளத்தையும் அதற்கேற்ப அரம் வைத்துத் தீட்ட வேண்டும். ஆழமாகிவிட்டால் திறந்த கம்பி இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும்.

அடுத்தது பிக்கப்பின் உயரம். செலவே இல்லாத மாற்றம், ஆனால் பலர் தொடுவதில்லை. கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பியின் அடிக்கும் பிக்கப்பின் தலைக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். தடித்த பக்கம் சுமார் 3 மி.மீ., மெல்லிய பக்கம் சுமார் 2.5 மி.மீ. என்று தொடங்கி, அரைத் திருப்பம் அரைத் திருப்பமாகக் கேட்டுக்கொண்டே போங்கள். 'பஞ்ச்' வேண்டும் என்று ஒரேயடியாக ஏற்றினால் காந்தம் கம்பியை இழுத்துப் பிடிக்கும். மேல் ஃப்ரெட்டுகளில் ஸ்வரம் தள்ளாடும், நீளமும் குறையும்.

பிக்கப்பை மாற்றும்போது பாடியைக் குடையாமல் பொருந்துவதையே தேடுங்கள். குடைந்தெடுத்த மரத்தைத் திருப்பி வைக்க முடியாது, பழைய கிட்டாராக இருந்தால் மதிப்பும் போய்விடும்.

கன்ட்ரோல் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். பாசிவ் சிங்கிள்காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்) 250, ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 500, ஆக்டிவுக்கு 25 கிலோ ஓம் என்பது பொதுவான வழக்கம். ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை மட்டும் முழுதாக வைத்தால் மின் இரைச்சல் வரும், இரண்டையும் முழுதாக வைத்தால் அடங்கும். ஒன்றுக்கொன்று எதிர்ச்சுற்று என்பதால் அப்படி. அது பழுது இல்லை. ஆனால் கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, விட்டால் கூடுகிறது என்றால் செப்பு டேப் ஒட்டிக் குழிகளை மூடலாம். தொட்டும் குறையாவிட்டால் பிரிட்ஜுக்கு அடியில் வரும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரிட்ஜ் மாற்றும்போது அந்த ஒயரை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

ஆக்டிவ் பிரீஆம்ப் போட்டவர்கள் வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஜாக்கே சுவிட்சாக வேலை செய்வதால், கேபிள் செருகியிருந்தால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

அப்புறம், ஒரே மாலையில் கம்பி, பிக்கப், பிரிட்ஜ் மூன்றையும் மாற்றாதீர்கள். எது என்ன செய்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒன்றை மாற்றி, அதே ஆம்ப் அமைப்பில், அதே வரியை வாசித்து, போனிலாவது பதிவு செய்து வையுங்கள். டிரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் இருக்கும் இரும்புக் கம்பி) ஒரு நாளைக்குக் கால் திருப்பத்துக்கு மேல் திருப்ப வேண்டாம். நான்கு கம்பிகளும் சேர்ந்து 80 கிலோவுக்கு அருகில் இழுத்துக்கொண்டிருக்கும் மரம் அது, புது நிலைக்கு வர நேரம் எடுக்கும்.

ஃப்ரெட்டைப் பிடுங்கும் ஆசை

பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் ஃப்ரெட் இல்லாத 1962 ஜாஸ் பேஸைப் பற்றிக் கேள்விப்பட்ட எவருக்கும் ஒருநாள் இந்த ஆசை வரும். ஃப்ரெட் இருந்த பள்ளங்களை மரப்புட்டியால் அடைத்து, மேலே படகுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பூசியிருந்தார். காரணம், அவர் போட்டது ரவுண்ட்வூண்ட் கம்பி (உருண்டை இழை சுற்றியது, சொரசொரப்பானது). ஃபிங்கர்போர்டு ஈட்டி மரமாக இருந்தால்கூட அந்தக் கம்பியின் முறுக்கு நாளடைவில் அதை அரம்போல் அராவிவிடும். பலர் ஃப்ரெட்டை மட்டும் பிடுங்கிவிட்டு, பூச்சு இல்லாமல் அதே கம்பியில் தொடர்கிறார்கள். சில மாதங்களில் பள்ளம் விழுந்துவிடும். எப்பாக்ஸி பூச வசதி இல்லாவிட்டால் ஃப்ளாட்வூண்டுக்கு மாறுங்கள்.

பிடுங்கும்போது சோல்டரிங் அயர்னால் ஃப்ரெட்டைச் சூடாக்கி, ஓரத்திலிருந்து மெல்ல நெம்புங்கள். பச்சையாக இழுத்தால் மரம் சில்லு சில்லாகப் பெயரும். பள்ளங்களில் மெல்லிய மரத்தகட்டை ஒட்டிச் சமன் செய்தபின் நட்டையும் தாழ்த்த வேண்டும். ஃப்ரெட்டின் உயரம் போய்விட்டதால் கம்பி முன்னைவிட உயரத்தில் நிற்கும். வெளிர்நிறத் தகடு போட்டால் கோடுகள் கண்ணுக்குத் தெரியும். விரலை இனி அந்தக் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும், பழக்கத்தில் கோட்டுக்குப் பின்னால் வைத்தால் சுருதி இறங்கி நிற்கும்.